உங்களுக்குத் தெரியுமா? குண்டுவீச்சு விமானத்தில் பறந்த வால்வு

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் பிசி-375 வானொலிப் பரப்பியில் எரிந்தது 211 என்னும் வால்வு (வெற்றிடக் குழாய்). போருக்குப் பின் உபரியாக விற்பனைக்கு வந்தது. வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டும் ஆர்வலர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். இழைக்கு மட்டுமே 32 வாட் பிடிக்கும். தோரியம் கலந்த டங்ஸ்டன் என்பதால் மின்விளக்கைப் போலப் பளிச்சென்று ஒளிரும். அந்த வெளிச்சத்தில் பாட்டுக் கேட்பது தனிச் சுகம்!

ஆனால் தகட்டுக்குச் சுமார் 1,000 வோல்ட் வேண்டும். அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை வடிக்க அவற்றின் குறுக்கே ஒரு மின்தடையைக் கட்டாயம் இணைக்க வேண்டும். மீட்டர் சுழியம் காட்டும் வரை உள்ளே கைவைக்கவே கூடாது.