இருபத்தொரு கிலோமீட்டரும் ஒரு செயற்கைக் காலும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பால் வண்டிக்காகக் கடை திறக்கும் அன்பர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில், இருட்டு விலகும் முன்பே பத்துப் பதினைந்து பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். "வேலையற்றவர்கள்" என்று நாமும் சிரித்ததுண்டு. ஆனால் முகம் தெரியாத ஒருவருக்குக் கால் வாங்கிக் கொடுப்பதற்காகவும் இப்படி ஓடுகிறார்கள் என்று அறிந்தபோது நமக்கு வெட்கமாகிவிட்டது.

சென்னையில் 'ட்ரீம் ரன்னர்ஸ்' என்ற ஓட்டக்காரர் குழு அரை மாரத்தான் ஓட்டம் நடத்திவருகிறது. தூரம் 21.1 கிலோமீட்டர். பள்ளிக்கரணையிலிருந்து மேடவாக்கம் வழியாகக் கிழக்குத் தாம்பரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். வண்டியில் போகவே நாம் அலுத்துக்கொள்ளும் தூரம்! இந்த ஓட்டத்தின் மூலம் திரட்டும் நிதி, 'ஃப்ரீடம் டிரஸ்ட்' என்ற தொண்டு நிறுவனத்தின் வழியாக, காலை இழந்த வசதியற்றவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தப் பயன்படுகிறது.

இது நமக்கு அந்நியமான விஷயமல்ல. நமது உறுப்பினர் ஒருவர், மளிகைக் கடைக்காரர், பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ளவர். பொங்கல் வியாபார நேரத்தில் பலகை ஆணி காலில் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை நோய் முற்றினால் பாத நரம்புகள் மரத்துப்போகும். ரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறாது. "சீசன் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு மீண்டும் கடைக்கு வந்த அன்று அவர் சொன்னார்: "கால் போனதைவிட, கல்லாவில் நிற்க முடியாமல் போனதுதான் வலித்தது."

செயற்கைக் கால் ஒரு தடவை கொடுத்தால் முடிந்துவிடும் தர்மமும் அல்ல. அறுவைக்குப் பின் மீதிக் கால் நாளடைவில் மெலியும். அதற்கேற்பக் கிண்ணத்தை மாற்ற வேண்டும். சில ஆண்டுகளில் காலே தேய்ந்துவிடும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும். இதற்கான நிதியும் தொடர்ந்து தேவைப்படுகிறது.

ஓடி நிதி திரட்டுவதற்கு உலகுக்கே வழிகாட்டியவர் கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ். 1977-இல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த இந்த இளைஞர், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார். குடிமகன் ஒருவருக்கு ஒரு டாலர் என்பது அவர் கேட்டது. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அன்றைய கனடாவின் மக்கள் தொகையும் ஏறத்தாழ அதே எண்ணிக்கைதான். அதே ஆண்டு ஜூனில், 22 வயதில், அவர் காலமானார். சில்லறை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சில்லறை வியாபாரிகளான நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நன்கொடை கேட்டு நம் கடைக்கு வராத நாள் குறைவு. கொடுக்கும் முன் சரக்கு வாங்குவதுபோல விசாரித்துக் கொடுப்பதே முறை. ஓட்டங்களில் பொதுவாக இரண்டு வகைப் பணம் உண்டு. ஒன்று நுழைவுக் கட்டணம். பனியன், குடிநீர், பதக்கம், முதலுதவி ஆகிய செலவு பெரும்பாலும் இதிலிருந்தே போகும். மற்றொன்று, ஓடுபவர் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தொண்டு நிறுவனத்துக்கே சேர்ப்பிக்கும் நன்கொடை. நாம் கொடுப்பது இரண்டில் எது, செலவு போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்பதில் தவறில்லை. கணக்கு வைத்திருப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

80-ஜி என்று நாம் பழகிய வருமான வரிச் சலுகை, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே பொருந்தும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து ரசீது பெறவேண்டும். வாழைப்பழம், தண்ணீர் பாட்டில் எனச் சரக்காகக் கொடுத்தால் புண்ணியம் உண்டு. வரிச் சலுகை இல்லை.

ஓட விரும்பும் அன்பர்கள், குறிப்பாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள், டாக்டரைக் கேட்டபின் நடையிலிருந்து தொடங்குங்கள். ஓடாதவர்களும் இரவு கடை அடைத்ததும், கல்லாவை எண்ணுவதுபோல இரண்டு பாதங்களையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். புண் இருந்தால் மறுநாளே டாக்டரிடம் போங்கள், சீசனைப் பார்க்காதீர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதுபற்றிப் பேச எண்ணியுள்ளோம். ஒரு செயற்கைக் காலுக்கான தொகையை எத்தனை கடைகள் சேர்ந்து ஏற்கலாம் என்று யோசித்து வாருங்கள்.