ஆறாம் வகுப்பில் எத்தனை பேர்?

ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் 110 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வகுப்புக்கு இது மோசமில்லை என்று தோன்றும். ஆனால் பத்தாம் வகுப்பில் 34 பேரும் ஆறாம் வகுப்பில் 12 பேரும் இருந்தால்? அந்த 34 பேர் டி.சி. வாங்கிய மறுமாதமே பள்ளி பாதியாகச் சுருங்கத் தொடங்கிவிடும்.

ஆசிரியர் பணியிடம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவான எண்ணிக்கையைக் கொண்டு பணியாளர் நிர்ணயம் நடக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் 'உபரி'. பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். "வாத்தியாரே இல்லையாமே" என்ற பேச்சு ஊருக்குள் கிளம்பினால், அடுத்த ஜூனில் இன்னும் நாலு பிள்ளைகள் மெட்ரிக் பள்ளி வேனில் ஏறியிருப்பார்கள். ஆசிரியர்கள் கோடை வெயிலில் வீடு வீடாகப் போய் பிள்ளைகளைக் கேட்பது சும்மா இல்லை.

பிறப்பே குறைந்துவிட்டது என்பதும் உண்மை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழகத்தின் கருவுறுதல் விகிதம் 1.8. ஆரம்பப் பள்ளியில் பிள்ளை இல்லாத ஊரில் உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

ஒன்பதாம் வகுப்பு மட்டும் திடீரென்று பெருகும். எட்டோடு முடியும் நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வருகிறார்கள். நூறு சதவீதத் தேர்ச்சிக்காகத் தனியார் பள்ளிகள் கழித்துவிட்டவர்களும் இருக்கிறார்கள் என்பது ஆசிரியர்களின் நெடுநாள் புலம்பல்.

யார் படிக்கிறார்கள் என்பது இன்னும் சங்கடமான கேள்வி. பையனை வேனில் அனுப்பிவிட்டு பெண்ணை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகள் உண்டு. வசதியுள்ள சாதியினர் விலகிக்கொள்ள, பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளே மிஞ்சும் ஊர்களும் உண்டு. பிறகு அந்தப் பள்ளிக்கே ஊர் ஒரு பெயர் வைத்துவிடுகிறது. சாதி வகுப்பறைக்குள்ளும் வருகிறது. நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் தாக்கப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. உதவித்தொகைக்கு அந்த விவரம் வேண்டும்தான். அது அலுவலகக் கோப்பில் இருந்தால் போதாதா?

ஈர்க்கும் விஷயங்களும் இல்லாமலில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு; கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். ஆனால் உயர்நிலைப் பள்ளி பத்தோடு முடிகிறது. பதினொன்றுக்கு வெளியூர்தான். இலவச சைக்கிளும் பதினொன்றில்தான். அதனால் அதைக் காட்டி இந்தப் பள்ளி யாரையும் சேர்க்க முடியாது.