வேலைக்குரிய கூலி எல்லாருக்கும்

புதுச்சேரி மண்ணுக்குக் கூலியின் அருமை தெரியும். 1936 ஜூலை 30 அன்று, இங்கு உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் காவல்படை சுட்டதில் 12 பேர் மாண்டனர். அந்தப் போராட்டத்தின் பயனே 8 மணி நேர வேலை. ஆயினும் மாற்றுத்திறனாளி ஒருவர் வேலை கேட்டு வந்தால், "ஏதோ ஒத்தாசைக்கு" என்று அரைக்கூலி கொடுப்பவர்கள் இன்றும் உண்டு.

சட்டமே ஒருகாலத்தில் இதற்கு இடம் தந்தது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் கூலிக்கு விலக்கு அளிக்க அரசை அனுமதித்தது (பிரிவு 26). 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடம் ஒதுக்கியது. நியாயமான வசதிகளை மறுப்பதும் பாகுபாடே என்றது.

திருச்சபையின் போதனை இதற்கு முந்தியது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் எழுதிய 'லாபோரெம் எக்செர்சென்ஸ்' சுற்றுமடல் (எண் 22), முழுத் திறன் உள்ளவர்களை மட்டுமே வேலைக்குச் சேர்ப்பது மனித மாண்புக்குத் தகாது என்கிறது. நியாயமான ஊதியமும் பதவி உயர்வும் இவர்களுக்கும் உரியவை என்கிறது.

அன்பார்ந்தவர்களே, திராட்சைத் தோட்ட உவமையில் மாலைவரை சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை, அவ்வளவுதான். நம் பங்கிலும் அப்படி நிற்பவர்கள் இருக்கலாம். கடையோ பள்ளியோ அச்சகமோ நடத்துகிற நாம் அவர்களை அழைப்போம். அடுத்தவருக்குக் கொடுக்கும் அதே கூலியை அவர்கள் கையிலும் கொடுப்போம். அது தருமம் அல்ல, நாம் தீர்க்க வேண்டிய கடன்.