நொண்டும் குழந்தையும் ‘இருக்கலாம்’ என்ற குறிப்பும்

முந்தின நாள் மாலைவரை ஓடியாடிய ஐந்து வயதுப் பையன் காலையில் எழுந்ததும் ஒரு காலை ஊன்றும்போது அழுகிறான். விழவில்லை, அடிபடவில்லை. காய்ச்சலும் இல்லை. போன வாரம் சளி பிடித்திருந்தது, அவ்வளவுதான். குழந்தை மருத்துவர்களுக்கு இது பழகிய காட்சி. பெரும்பாலும் இது ட்ரான்சியன்ட் சைனோவைடிஸ் எனப்படும் தற்காலிக இடுப்பு மூட்டு அழற்சியாகத்தான் இருக்கும். மூட்டின் உட்சவ்வு அழற்சியால் தடித்து உள்ளே நீர் கோத்துக்கொள்கிறது. 3 முதல் 10 வயதுக்குள் வரும்; பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரு மடங்கு அதிகம். ஓய்வும் ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்தும் கொடுத்தால் ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும்.

ஆனால் மூட்டில் சீழ் பிடித்த குழந்தையும் முதல் நாளில் இப்படித்தான் நொண்டும். அது அவசர நோய். சீழை உடனே வெளியேற்றாவிட்டால் குருத்தெலும்பு அரிக்கப்படும். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போவது தடைப்பட்டு வாழ்நாள் ஊனம் நேரலாம். ஊசி வழியாக மூட்டு நீரை எடுக்காமல் இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்லும் ஒரே ஒரு சோதனை கிடையாது. அல்ட்ராசவுண்டில் நீர் தெரியும்; அது வெறும் நீரா சீழா என்பது தெரியாது. மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் ‘தற்காலிக அழற்சி’ என்ற முடிவுக்கு வர முடியும்.

அப்படி விலக்குவதற்கு உலகெங்கும் பயன்படும் அளவுகோலை 1999இல் பாஸ்டனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் மினிந்தர் கோச்சரும் சகாக்களும் வெளியிட்டார்கள். 38.5 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 101.3 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், காலை ஊன்றவே முடியாமை, மணிக்கு 40 மில்லிமீட்டருக்கு மேல் ஈஎஸ்ஆர் எனும் சிவப்பணு படியும் வேகம், 12,000க்கு மேல் வெள்ளையணுக்கள் என நான்கு அடையாளங்கள். நான்கும் இல்லையென்றால் சீழுக்கான வாய்ப்பு 0.2 சதவீதத்துக்கும் குறைவு; இரண்டு இருந்தால் 40 சதவீதம்; நான்கும் இருந்தால் 99 சதவீதத்துக்கு மேல் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. பிற மருத்துவமனைகளில் சோதித்தபோது கடைசி எண் இவ்வளவு உயரவில்லை. பின்னாளில் சிஆர்பி ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தது. எண்கள் மருத்துவரின் கண்ணுக்கும் கைக்கும் துணை மட்டுமே.

மருத்துவர் எழுதும் குறிப்புக்கு உயிர் வருவது இந்த இடத்தில்தான். ‘காய்ச்சல் இல்லை’ என்று மட்டும் எழுதினால் போதாது. வெப்பநிலை எவ்வளவு, அதற்கு முன் பாராசிட்டமால் கொடுத்திருந்தார்களா என்பதும் வேண்டும். நொண்டி நடப்பதும் காலைத் தரையில் வைக்கவே மறுப்பதும் வேறு வேறு. எது என்று எழுத வேண்டும். பிள்ளை முழங்காலைத் தொட்டுக் காட்டி அழுதாலும் கோளாறு இடுப்பில் இருக்கக்கூடும். ஆகவே இடுப்பை அசைத்துப் பார்த்ததும் பதிவாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வலதா இடதா?

அமெரிக்க மருத்துவமனைகளில் இக்குறிப்புகள் ஐசிடி-10-சிஎம் என்னும் நோய்க் குறியீடுகளாக, தொழில்மொழியில் ‘கோடு’களாக, மாறுகின்றன. அங்கே 2015 அக்டோபர் 1 முதல் இந்த முறைதான் நடப்பில் இருக்கிறது. அமெரிக்க சார்ட்டுகளை, அதாவது நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைப் படித்துக் கோடு போடும் வேலையில் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் ஏராளமான இளைஞர்கள் இருக்கிறார்கள். தற்காலிக இடுப்பு மூட்டு அழற்சிக்கு வலது இடுப்பென்றால் எம்67.351, இடது என்றால் எம்67.352. கேட்டும் பக்கம் தெரியாவிட்டால் எம்67.359. இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே கோடு கிடையாது. அபூர்வமாக இரண்டும் பாதிக்கப்பட்டால் இரண்டு கோடுகளையும் போட வேண்டும். நோய் உறுதியானபின் இடுப்பு வலியையும் நொண்டலையும் தனியாகக் கோடு செய்வதில்லை, அவை நோய்க்குள் அடக்கம். ஊசி வழியாக மூட்டு நீரை எடுத்தால் அதற்கான சிபிடி எனப்படும் சிகிச்சைமுறைக் கோடு 20610. அல்ட்ராசவுண்டைப் பார்த்துக்கொண்டே எடுத்து, படத்தைச் சேமித்து அறிக்கையும் எழுதியிருந்தால்தான் 20611.

பக்கம் விடுபட்டிருந்தால் கோடு போடுபவர் ஊகிக்கக் கூடாது. மருத்துவருக்குக் கொரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்ப வேண்டும். அந்தக் கேள்வியிலும் ‘வலதுதானே?’ என்று விடையை ஊட்டக் கூடாது.

கோடு போடக் கற்றுத்தரும் பயிற்சி வகுப்புகளில் பக்கத்தைத்தான் அதிகம் வலியுறுத்துகிறார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய விஷயம் ‘இருக்கலாம்’ என்ற சொல். வெளிநோயாளி சார்ட்டில் ‘ட்ரான்சியன்ட் சைனோவைடிஸ் ஆக இருக்கலாம்’ என்றோ, ‘சந்தேகம்’ என்றோ மருத்துவர் எழுதியிருந்தால் அந்த நோயின் கோடைப் போடக் கூடாது என்கிறது அமெரிக்க விதி. அறிகுறிகளைத்தான் போட வேண்டும்: வலது இடுப்பு வலி எம்25.551, நொண்டல் ஆர்26.89. உள்நோயாளியாகச் சேர்ந்து வீடு திரும்புபவருக்கு விதி வேறு. டிஸ்சார்ஜின்போதும் ‘இருக்கலாம்’ என்றே முடிவு நின்றால் உறுதியான நோயைப்போலவே கோடு போடலாம்.

வெளிநோயாளி விதி புதியவர்களுக்குக் கெடுபிடியாகத் தோன்றும். அதன் பலன் குழந்தைக்குத்தான். மூன்று வாரம் கழித்து அதே பையன் இன்னும் நொண்டிக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் போகிறான் என்று வையுங்கள். பதிவேட்டில் ‘தற்காலிக அழற்சி’ என்று முடிவாகப் பதிந்திருந்தால், பழைய நோய்தான் நீடிக்கிறது என்று அவரும் நினைத்துவிட இடமுண்டு. ‘இடுப்பு வலி, காரணம் உறுதியாகவில்லை’ என்றிருந்தால் அவர் முதலிலிருந்து பார்ப்பார். நாள்பட்டும் விடாத நொண்டலுக்குப் பின்னால் தொடை எலும்பின் தலை சிதையும் பெர்த்திஸ் நோய் இருக்கலாம். அதுவும் பெரும்பாலும் இதே வயதில் வருவது. சிறார் மூட்டுவாதமோ, அரிதாக ரத்தப் புற்றுநோயோகூட இப்படித் தொடங்கலாம்.

இந்த வேலையில் இருப்பவர்கள் நாளொன்றுக்கு இத்தனை சார்ட் என்ற இலக்கோடு ஓடுகிறவர்கள். ஒரு சொல்லுக்காகக் கொரி அனுப்புவது நேரத்தைத் தின்னும் என்பது உண்மை. அந்த நேரத்தை நிறுவனங்கள் அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் கையில் தரும் தாளில் எந்தப் பக்கம், அன்றைய வெப்பநிலை, ரத்தப் பரிசோதனை எண்கள், மறுபடி வரவேண்டிய தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். வீடு திரும்பியபின் காய்ச்சல் ஏறினாலோ, வலி கூடினாலோ, பிள்ளை காலை ஊன்றவே மறுத்தாலோ, மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றே திரும்ப அழைத்துச் செல்லுங்கள்.