பட்டறையில் விட்ட மோட்டார்

பெருந்தொகை கொடுத்து வேகம் மிக்க மோட்டார் வாங்கியவர், அதைச் செப்பனிட விற்பனைக் கம்பெனியின் பட்டறையில் விட்டு வருகிறார். அங்குள்ள வாலிபர் சிலரோ, என்ஜின் எண்ணெய் சூடேறு முன்னரே அதை முடுக்கிப் பெருவீதியில் பறந்து பார்க்கின்றனர். பழுது தீர்ந்ததாவென்று ஓட்டிப் பார்ப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. பந்தயம் எதற்கு?

சட்டம் இல்லாமலில்லை. ஒப்படைத்த பொருளை நிபந்தனைக்கு மாறாக உபயோகிப்பவன், அதனால் விளையும் நஷ்டத்துக்கு ஈடு செய்ய வேண்டுமென்கிறது 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 154-வது பிரிவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவோ, வேக வரம்பை மீறி ஓட்டியவனை மட்டுமன்றி, தன் ஊழியனை அவ்வாறு ஓட்டச் செய்த எஜமானனையும் தண்டிக்கிறது. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி காருக்கு அபராதம் 1,000 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை. ஆனால் காமிரா கண்டு சொல்வது வண்டியின் எண்ணையல்லவா? ஆகவே, அந்நேரம் தமது ஆபீஸில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரருக்கே நோட்டீஸ் போகிறது!

வண்டியை ஏற்கும்போதும் திருப்பும்போதும் கிலோமீட்டர் கணக்கையும், ஓட்டிப் பார்த்தவன் பெயரையும், நேரத்தையும் பட்டறைக்காரர் ரசீதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவ்வாறு எழுதாத பட்டறையே வழக்கு மன்றத்தில் தன் குற்றமின்மையை நிரூபிக்கக் கடவதென்று சர்க்கார் விதி செய்யட்டும்.