கணக்குப் புஸ்தகம் கூறாதவை

கிராமங்களின் நலத்தைக் கருதிச் சர்க்கார் பல திட்டங்களை ஏற்படுத்துகின்றனர். அவற்றால் குடிகளுக்கு உண்மையில் நன்மை உண்டாயிற்றா என்பதை ஆராய்ந்து கூற வல்லவர்களை ஒவ்வொரு நாடும் தன்னிடத்திலேயே தயாரித்துக்கொள்ளுதல் அவசியம். இதற்கு ஐக்கிய நாணய சங்கங்களின் சரித்திரமே தக்க சான்றாகும்.

குடியானவர்களை லேவாதேவிக்காரரின் கடுவட்டியினின்றும் மீட்கும் பொருட்டு, 1904-ம் வருஷத்துச் சட்டப்படி இந்தியாவில் இச்சங்கங்கள் தோன்றின. சங்கங்கள் இத்தனை, அங்கத்தினர் இத்தனை பேர், கொடுத்த கடன் இவ்வளவு என்று அறிக்கைகள் வெளிவந்தன. ஆனால் சங்கத்தின் புஸ்தகத்தில், சங்கத்துக்கு வந்தவர் பெயரே இருக்கும். ஜாமீன் கிடைக்காமையால் வாராதிருந்தவர், விதைப்புக் காலத்தில் கடன் தாமதப்பட்டதால் வேறிடம் சென்றவர் ஆகியோரின் பெயர் அதில் இராது. அவர்களை அறிய வேண்டின், வீடுதோறும் சென்று விசாரித்தல் வேண்டும்.

சென்னைச் சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணவர்களைக் கொண்டே கிராமங்களின் நிலையை விசாரிக்கச் செய்தார். அந்நியர் கேட்டால் மறைக்கப்படும் கைமாற்றையும், ஊருக்கு ஊர் வேறுபடும் மரக்கால் அளவையும், வாரக் குத்தகையின் வழக்கத்தையும் ஊர்ப் பிள்ளை எளிதில் அறிவான். தென்னாற்காடு ஜில்லா இருவேல்பட்டு முதலிய அக்கிராமங்கள் 1936-37-ல் மறுபடியும் ஆராயப்பட்டமையால், இருபது வருஷ மாறுதலும் விளங்கிற்று. புனா நகரில் 1930-ல் கோகலே ஆராய்ச்சி ஸ்தாபனம் ஏற்பட்டது. இவ்வாறு பயிற்சி சிறிது சிறிதாக வளர்ந்தது.

1951-ல் ரிசர்வ் பாங்கு ஏ. டி. கோர்வாலா தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தது. கோகலே ஸ்தாபனத்தின் தலைவரான டி. ஆர். காட்கிலும் அதில் அங்கம் வகித்தார். 75 ஜில்லாக்களில் 600 கிராமங்களைச் சேர்ந்த 1,27,343 குடும்பங்கள் விசாரிக்கப்பட்டன. 1954-ல் வெளிவந்த முடிவு யாவரையும் திடுக்கிடச் செய்தது. 1951-52-ல் குடியானவர் வாங்கிய ஒவ்வொரு நூறு ரூபாய்க் கடனிலும் ஐக்கிய சங்கங்கள் கொடுத்தது சுமார் 3 ரூபாயே; லேவாதேவிக்காரர் கொடுத்தது சுமார் 70 ரூபாய். ஏறக்குறைய ஐம்பது வருஷ உழைப்பின் பலன் இவ்வளவே!

அந்நியர் இதைக் கூறியிருந்தால் தூற்றுதல் என்று ஒதுக்கியிருத்தல் கூடும். கூறியவரோ இந்நாட்டினர், சங்கங்கள் வெற்றி பெற வேண்டுமென்று விரும்பியவர். ஆதலின் அவர்கள் குறையைக் காட்டியதோடு நில்லாமல் பரிகாரமும் கூறினர். சங்கங்களின் மூலதனத்தில் சர்க்காரும் பங்கு கொள்ளவும், கடனும் விளைபொருள் விற்பனையும் இணைக்கப்படவும் யோசனை சொல்லினர். இம்பீரியல் பாங்கு 1955-ல் ஸ்டேட் பாங்காக மாறியதும் அவர்களது யோசனையின் பயனே. 1961-62-ல் ரிசர்வ் பாங்கு மறுபடி விசாரித்தபொழுது, சங்கங்களின் பங்கு நூற்றுக்குச் சுமார் 15 ரூபாயாக உயர்ந்திருந்தது.

இவ்விசாரணையைச் சிறிய அளவில் ஒவ்வொரு சங்கமும் செய்யலாம். அங்கத்தினர் வீடுகள் பத்து, அங்கத்தினரல்லாதார் வீடுகள் பத்து ஆகியவற்றைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இவ்வருஷம் கடன் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டிக்கு, எதற்காக என்னும் நான்கையும் விசாரித்து எழுத வேண்டும். கடன் வழங்கும் பஞ்சாயத்தாரும் காரியதரிசியும் அல்லாத ஒருவர், ஊர்ப் பள்ளி ஆசிரியரோ படித்த வாலிபரோ, விசாரிப்பது நலம். கடன் கொடுப்பவரிடம் குறை கூற யாரும் தயங்குவர். கிடைத்த விடைகளைப் பெயர் குறிப்பிடாமல் பொதுக்கூட்டத்தில் படித்து, அடுத்த வருஷமும் அவ்வீடுகளிலேயே விசாரித்தால், சங்கம் முன்னேறியதா என்பது தெரிந்துவிடும். நோயை மறைப்பவன் மருந்து பெறான்.