மேல்காற்றுக்கு அஞ்சாத பூ

ஆடியில் மேல்காற்று எழும்பினால் சாத்தான்குளத்து வீடுகளில் தேரிச் செம்மணல் கதவிடுக்கு வரை வந்து படியும். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடுகிறது. நமக்கு வந்து சேருவது காற்று மட்டும்தான். தொட்டி ரோஜா கருகி நிற்கும் அந்த நாட்களிலும் குளத்தங்கரையிலும் கல்லறைத் தோட்டத்து மதிலோரத்திலும் நித்தியகல்யாணி பூத்துக்கொண்டுதான் இருக்கும். அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

சுடுகாட்டுப் பூ என்று சொல்லிச் சொல்லியே அதை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம். இந்தப் பழி அதற்கு வேண்டாதது. ஆடு கடிக்காது, வெயிலுக்கு வாடாது, உப்புக்காற்றைத் தாங்கும், வருஷம் முழுக்கப் பூக்கும். இந்த மண்ணில் வீட்டு முற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான செடியை நான் பார்த்ததில்லை.

சொந்த ஊர் மடகாஸ்கர். அங்கிருந்து வெப்பநாடுகள் எங்கும் பரவியது. 1952இல் ஜமைக்காவிலிருந்து ஒரு நோயாளி இதன் இலைகளைக் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். சர்க்கரை நோய்க்கு ஜமைக்காவில் கஷாயம் வைத்துக் குடிக்கும் இலை அது. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அதைச் சோதித்தபோது எலிகளின் ரத்தத்தில் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள்தான் இறங்கின. அவரும் சார்லஸ் பீரும் 1958இல் அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்து அமெரிக்காவில் வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றுவரை நிற்கிறது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால்தான் தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்டங்களில் வேறு வெள்ளாமை எடுபடாத நிலத்திலும் இதை மானாவாரியாக விதைத்தார்கள். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை உருவி, பன்னிரண்டாம் மாதம் வேரோடு பிடுங்குவார்கள். வேரிலிருந்து வருவது ரத்த ஓட்டத்துக்கான அஜ்மாலிசின்.

வீட்டில் வளர்ப்பவர்கள் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீரால்தான். பாசத்தில் தினமும் ஊற்றுகிறார்கள். தண்டு அடியில் கறுத்து, நுனியிலிருந்து செடி காய்ந்து வருகிறது. காய்கிறதே என்று மறுபடியும் ஊற்றுகிறார்கள்! தரையில் வேர்பிடித்த செடிக்கு வாரம் ஒரு தண்ணீர் தாராளம். தொட்டியென்றால் அடித்துளை அடைபடாமல் பார்த்து, பாதிக்குப் பாதி தேரிமணல் கலந்து, மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றலாம். நல்ல வெயில் வேண்டும். எரு அதிகம் போட்டால் இலைதான் கொழுக்கும், பூ குறையும்.

இலைகள் சிறுத்து, கொத்தாகக் கூடி, பூவும் பச்சையாகிப்போனால் அது சிற்றிலை நோய். மருந்தடித்துப் பயனில்லை, பக்கத்துச் செடிக்குத் தொற்றும் முன் பிடுங்கி எரித்துவிட வேண்டும். பருத்த பச்சைப் புழு ஒன்று, தலைப்பக்கம் நீலக் கண் வரைந்ததுபோல், இலைகளை மொட்டையடிக்கும். அதை விட்டுவிடலாம். அழகான பெரிய விட்டில் ஒன்று அதிலிருந்து வரும், செடியும் மறுபடி துளிர்க்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: சர்க்கரைக்கு நல்லதென்று இலையையோ பூவையோ மெல்லாதீர்கள். புற்றுநோய் மருந்தை அளந்து ஏற்றுவது மருத்துவமனையில். வீட்டில் மென்றால் அது நஞ்சு. சிறுபிள்ளைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மூன்று வருஷத்தில் அடித்தண்டு கட்டையேறி, செடி கால் நீண்டு சாயும். புரட்டாசியில் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டால் ஐப்பசி மழையில் புதுக்கொப்பு வெடிக்கும். புதுச்செடி வேண்டுமானால் இரட்டைக் காய்கள் மஞ்சளாகும்போதே பறித்துக் காகிதத்தில் மடித்து வையுங்கள். செடியிலேயே காய்ந்தால் வெடித்துச் சிதறிவிடும். கறுத்த விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் மூட வேண்டும், ஏனென்றால் இருட்டில்தான் நன்றாக முளைக்கும். முதல் மழை விழுவதற்குள் தூவி முடித்துவிடுங்கள்.